புல் வெட்டும் வண்டி, மினி டிராக்டர் டயர்களில் காற்று மெல்ல இறங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சென்னையின் ஓ.எம்.ஆர்., ஈ.சி.ஆர். சாலைகளின் பக்கத்து மைதானங்கள், பண்ணை வீடுகள், தென்னந்தோப்புகள் என்று சுற்றி, உட்கார்ந்து ஓட்டும் புல் வெட்டும் வண்டிகளுக்கும் மினி டிராக்டர்களுக்கும் சர்வீஸ் பார்ப்பது என் பிழைப்பு. எஞ்சின் கோளாறு என்று வரும் போன்கள் குறைவுதான். "நேத்து காத்து அடிச்சேன், இன்னைக்கு மறுபடி உட்கார்ந்துடுச்சு" என்று வருபவைதான் அதிகம். அவர்கள் கேட்டதை அவர்கள் வாய்மொழியிலேயே தந்திருக்கிறேன்.

"ஆணி எதுவும் குத்தலையே சார், அப்புறம் எப்படிக் காத்து இறங்குது?"

ஆணி குத்தினால் பெரும்பாலும் அன்றைக்கே தெரிந்துவிடும். வாரக்கணக்கில் இழுத்தடிக்கும் கசிவுக்கு வேறு வழிகள் உண்டு. வால்வுக்குள் இருக்கும் பின், வால்வின் ரப்பர்த் தண்டு, டயரின் தடித்த விளிம்பு ரிம்மில் உட்காரும் இடம் (கடைக்காரர்கள் பீடிங் என்பார்கள்), தரையில் படும் பட்டனுக்கு நடுவே ஒடிந்து நிற்கும் முள் நுனி, வெயிலில் வெடித்த பக்கச் சுவர் ஆகியவைதான் அவை. நான் பார்த்த புல் வண்டிகளில் பெரும்பாலும் முதல் மூன்றில் ஒன்றுதான் குற்றவாளி.

எந்த டயரும் ரப்பர் வழியாகவே கொஞ்சம் காற்றை விடும். கார் டயரில்கூட மாதத்துக்கு ஒன்றிரண்டு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறைவது இயல்பு. மாதம் ஒரு பி.எஸ்.ஐ. போனால் விட்டுவிடுங்கள். வாரத்தில் பாதி போனால் தேட வேண்டும்.

"நம்ம வண்டியில டியூப் இருக்கா இல்லையான்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?"

வால்வைப் பிடித்து உள்பக்கமாக அழுத்திப் பாருங்கள். உள்ளே போய் வந்தாலோ, ஓட்டையில் லொடலொடவென்று ஆடினாலோ டியூப். கார் வால்வு மாதிரி குட்டையான ரப்பர்த் தண்டு ரிம்மை இறுகக் கவ்வியிருந்தால் பெரும்பாலும் டியூப்லெஸ். டயரின் பக்கவாட்டில் இருக்கும் எழுத்தை மட்டும் நம்ப வேண்டாம், முன்பு வைத்திருந்தவர் உள்ளே டியூப் போட்டிருக்கலாம். நம் ஊர் மினி டிராக்டர்கள் அநேகமாக டியூப் வகை. புல் வண்டிகள் அநேகமாக டியூப்லெஸ்.

"எவ்வளவு காத்து வைக்கணும்ணே? பஞ்சர் கடையில 30 வெச்சு அனுப்பிட்டாங்க."

உடனே இறக்குங்கள். புல் வண்டிக்கு முன் டயரில் 10 முதல் 14 பி.எஸ்.ஐ., பின் டயரில் 8 முதல் 12 என்பதுதான் வழக்கமான அளவு. மினி டிராக்டரின் முன் டயர் 20–30 வரை போகும், பின் டயர் அதைவிடக் குறைவு. உங்கள் மாடலுக்குச் சரியான எண் கையேட்டில் இருக்கும். டயரில் அச்சிட்டிருப்பது தாண்டக் கூடாத உச்ச அளவு. தினமும் வைக்க வேண்டிய அளவு அதுவல்ல.

கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. அவர் கையில் இருப்பது லாரிக்கும் காருக்குமான மீட்டர். அதில் 10 பி.எஸ்.ஐ. என்பது முள் லேசாகத் தலை தூக்கும் இடம். கம்ப்ரஸர் தொட்டியிலோ 100-க்கு மேல் காற்று நிற்கும், சின்ன டயர் இரண்டு மூச்சில் நிரம்பிவிடும். குறைந்த அழுத்தம் காட்டும் தனி மீட்டர் ஒன்றை வாங்கி வண்டியோடு வைத்துக்கொள்ளுங்கள். 10 பி.எஸ்.ஐ. டயரில் 2 குறைந்தால் ஐந்தில் ஒரு பங்கு போயிற்று என்று அர்த்தம். கார் கணக்கில் யோசித்தால் இது பிடிபடாது.

"சோப்புத் தண்ணி அடிச்சுப் பார்த்தேன், ஒண்ணுமே தெரியலையே?"

அவசரப்பட்டிருப்பீர்கள். மெல்லிய கசிவு பெரிய குமிழி விடாது. பேன் முட்டை மாதிரி வெள்ளை நுரை பொடிப்பொடியாகச் சேரும், அதற்கே ஐந்து நிமிடம் ஆகும். பாத்திரம் கழுவும் லிக்விடைக் கெட்டியாகக் கலக்குங்கள். டயரில் அச்சிட்டிருக்கும் உச்ச அளவுக்குப் பக்கமாகக் காற்று வையுங்கள், சோதனை முடிந்ததும் இறக்கிவிடலாம். நிழலில் செய்யுங்கள். சென்னை வெயிலில் நுரை வருவதற்குள் தண்ணீர் காய்ந்துவிடும்.

வரிசையும் முக்கியம். முதலில் வால்வு வாய். அடுத்து, வால்வுத் தண்டைக் கட்டை விரலால் ஒருபக்கமாகச் சாய்த்து அதன் அடி. நேராக நிற்கும்போது மூடிக்கொள்ளும் விரிசல் சாய்த்தால்தான் வாய் திறக்கும். பிறகு ரிம் ஓரம் முழுவதும். கடைசியாகப் பட்டன் பகுதி, டயரைக் கொஞ்சம் கொஞ்சமாக உருட்டியபடி.

ரிம் ஓரம் என்றால் இரண்டு ஓரமும். கேளம்பாக்கம் பக்கத்தில் ஒரு தோப்பில் மூன்று பேர் பார்த்து "கசிவே இல்லை" என்ற டயரைப் பார்க்கப் போனேன். மூவரும் வெளிப்பக்கம் மட்டும் பார்த்திருந்தார்கள். தரையில் படுத்து எஞ்சின் பக்கம் இருந்த ஓரத்தில் பிரஷ்ஷால் தடவினேன். ஒரு சாண் நீளத்துக்கு நுரை மீசை மாதிரி நின்றது.

சின்ன முன் வீல் என்றால் கழற்றி, பஞ்சர் கடையில் இருக்கும் பாதி வெட்டிய டிரம் தண்ணீரில் முக்குவதுதான் எல்லாவற்றையும்விட நிச்சயம்.

"கடைக்காரர் வால்வுல எச்சில் தொட்டு வெச்சுப் பார்த்துட்டு ஓகேன்னுட்டாரு. போதுமா?"

பைக் டயருக்குப் போதும். 10 பி.எஸ்.ஐ. டயரில் குமிழி எழும்ப அரை நிமிடம்கூட ஆகும், அதற்குள் எச்சில் காய்ந்துவிடும். வால்வு பின் விலை அற்பம். சந்தேகம் வந்தால் ஆராயாமல் மாற்றிவிடுங்கள். மூடியும் சும்மா இல்லை. ஈ.சி.ஆர். மணல் ஒரு துகள் பின்னுக்குள் போனால் மூடவே மூடாது. ரப்பர் வாஷர் வைத்த மூடியாகப் போடுங்கள்.

"வீலைக் கழட்டிக் கடைக்கு எடுத்துட்டுப் போனேன். திரும்ப மாட்டினதும் வண்டி நகரவே மாட்டேங்குது!"

எஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, அச்சு சுற்றுகிறது, வீல் மட்டும் அப்படியே நிற்கிறது, சரிதானே? வீலைக் கழற்றிய இடத்தில் புல்லுக்குள் தேடுங்கள். விரல் நீளத்தில் ஒரு சதுர இரும்புத் துண்டு கிடக்கும். அதற்குப் பெயர் கீ. பின் அச்சிலும் வீல் துளையிலும் இருக்கும் காடிக்கு நடுவே உட்கார்ந்து, அச்சின் சுழற்சியை வீலுக்குக் கடத்துவது அதுதான். பல வண்டிகளில் வீலை உருவும்போது சத்தமில்லாமல் விழுந்துவிடும். கீழே பழைய சாக்கு விரித்துக் கழற்றுங்கள். மூடி, கிளிப், வாஷர், கீ என்று எந்த வரிசையில் வருகிறதோ அப்படியே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள்.

ஜாக்கி வைக்கும்போதும் கவனம். நிறைய புல் வண்டிகளில் பிரேக் பிடிப்பது கியர்பெட்டியைத்தான், வீலை அல்ல. ஒரு பின் வீலைத் தூக்கினால் அது சுதந்திரமாகச் சுற்றும், அதனால் தரையில் இருக்கும் மற்றொன்றும் உருளலாம். பிரேக் போட்டாயிற்று என்ற தைரியத்தில் அடியில் கை விடாதீர்கள். தரையில் நிற்கும் வீல்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்து, ஸ்பார்க் பிளக் ஒயரைப் பிடுங்கி வைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள்.

"ரிம் ஓரத்துலதான் நுரை வருது. டயரை மாத்திடவா?"

டயர் பாவம், குற்றம் ரிம்மில். அந்த ஓரத்தில் துரு பொரிந்து, டயர் விளிம்பு சமமாக உட்கார முடியாமல் நிற்கிறது. கடலோரத்தில் உப்புக் காற்று, வெட்டிய புல்லின் ஈரம், தெளித்த யூரியா எல்லாமே ரிம்முக்கு எதிரி. வெள்ளமும் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் தண்ணீரில் நின்ற வண்டிகளுக்கு எஞ்சின் ஆயிலை மாற்றினார்கள், பேரிங்கைப் பார்த்தார்கள். ரிம்மை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அடுத்த வருடம் வரிசையாகக் காற்று இறங்கத் தொடங்கியது.

டயரை ரிம்மிலிருந்து விடுவித்து, கம்பி பிரஷ்ஷால் துருவைச் சுரண்டி, எமரி ஷீட்டால் தேய்த்து வழவழப்பாக்குங்கள். விரலை ஓட்டிப் பாருங்கள், கண்ணுக்குத் தெரியாத மேடும் விரலுக்குத் தெரியும். பிரைமர், பெயின்ட் அடித்து நன்றாகக் காயவிடுங்கள். டயர் விளிம்பில் ஒட்டிய துருவையும் ஈரத்துணியால் துடைக்க வேண்டும், இதைத்தான் எல்லோரும் மறப்பார்கள். ரிம்மில் சிறு குழிகள் இருந்தால் பீடிங் சீலர் என்ற கறுப்புப் பசையை மெல்லிசாகத் தடவலாம். கிரீஸ், எஞ்சின் ஆயில் வேண்டாம், ரப்பரைக் கெடுக்கும். டயரை மாட்டச் சோப்புத் தண்ணீர் போதும். வால்வையும் இதே சமயத்தில் புதிதாகப் போட்டுவிடுங்கள்.

"பீடிங் உட்கார மாட்டேங்குது. அடிக்கிற காத்து எல்லாம் ஓரமா போயிடுது. பெட்ரோல் ஊத்திப் பத்த வெச்சா டப்புனு உட்காருமாமே?"

வீடியோவில் பார்த்திருப்பீர்கள். செய்யாதீர்கள். உள்ளே எவ்வளவு அழுத்தம் எழும் என்பது யார் கையிலும் இல்லை. ரிம் பறந்தால் முகத்துக்குத்தான் வரும்.

நம் பஞ்சர் கடைகளில் பழைய வித்தை ஒன்று உண்டு. டயரின் நடு வயிற்றைச் சுற்றிக் கயிற்றைக் கட்டி, இடையில் ஒரு கட்டையைச் செருகி முறுக்க வேண்டும். வயிறு ஒடுங்க, இரண்டு விளிம்புகளும் வெளியே பிதுங்கி ரிம்மைத் தொடும். சரக்கு கட்டும் ராட்சட் பெல்ட் இருந்தால் இன்னும் சுலபம். விளிம்பில் சோப்புத் தண்ணீர் தடவி, வால்வு பின்னைக் கழற்றிவிட்டுக் காற்றை விடுங்கள். தடையில்லாமல் பாயும். விளிம்புகள் ரிம்மைப் பிடித்ததும் கயிற்றைத் தளர்த்திவிட்டு மிச்சக் காற்றை ஏற்றுங்கள். டயரில் எழுதிய உச்ச அளவைத் தாண்டாதீர்கள், வீலுக்கு நேராகக் குனிந்தும் நிற்காதீர்கள். உட்காரவில்லையென்றால் இறக்கிவிட்டு மறுபடி முதலிலிருந்து.

"கருவேல முள்ளு குத்துச்சு. ஸ்ட்ரிப் போட்டா போதும்ல?"

டிராக்டரின் தடித்த டயர் டியூப்லெஸ்ஸாக இருந்தால், ஓட்டையில் செருகி அடைக்கும் ரப்பர் ஸ்ட்ரிப் நிற்கலாம். புல் வண்டி டயரோ மெலிசு. ஸ்ட்ரிப்புக்குப் பிடித்து நிற்கச் சதை கிடையாது, நாலு நாளில் பிதுங்கும். டயரைப் பிரித்து உள்பக்கம் பேட்ச் ஒட்டுவதுதான் நிரந்தரம். சுரண்டி, சொல்யூஷன் தடவி, பளபளப்பு மறைந்து பிசுபிசுக்கும் வரை பொறுத்து, பிறகு ஒட்டி அழுத்துங்கள். ஈரத்திலேயே ஒட்டினால் நிற்காது.

சீமைக் கருவேல முள்ளில் இன்னொரு வம்பு. நுனி உள்ளே ஒடிந்து நிற்கும், வெளியே ஒன்றும் தெரியாது. விரலுக்கு மேல் துணியைச் சுற்றி உள்சுவரைத் தடவுங்கள். நூல் எங்கே மாட்டுகிறதோ அங்கே இருக்கிறது. ஒரே டயரில் ஏழு நுனி எடுத்திருக்கிறேன்.

"இவ்வளவு வேலை யாரு பார்க்கிறது? பஞ்சர் ஜெல் ஊத்திடலாம்ல?"

முள் தொல்லைதான் என்றால் தாராளமாக. பட்டன் பகுதியில் சுமார் 6 மில்லிமீட்டர் வரையிலான ஓட்டையைப் பெரும்பாலான ஜெல்கள் அடைக்கும். எவ்வளவு ஊற்றுவது என்று புட்டியில் டயர் அளவு வாரியாக இருக்கும், குத்துமதிப்பாக ஊற்ற வேண்டாம். வால்வு பின்னைக் கழற்றி ஊற்றி, காற்று வைத்து, உடனே வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டுங்கள். அப்போதுதான் உள்ளே எல்லா இடமும் பரவும்.

வால்வு பழுதுக்கும் பக்கச் சுவர் வெடிப்புக்கும் ஜெல் மருந்தல்ல. ரிம் துருவில் சில மாதம் தாக்குப் பிடிக்கலாம், அதற்குள் ஜெல்லில் உள்ள ஈரம் துருவை இன்னும் வளர்த்துவிடும். பின்னால் கடைக்குப் போனால் "உள்ளே ஜெல் இருக்கு" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லையென்றால் வாய்க்கு வந்தபடி திட்டு வாங்குவீர்கள். சில வகைகளில் எத்திலீன் கிளைக்கால் உண்டு. இனிப்பாக இருக்கும், நாய்க்கு விஷம். பண்ணை வீட்டில் சிந்தினால் உடனே கழுவுங்கள்.

"ஒரேயடியா டியூப் போட்டுடலாம். பின் வீலுக்கு ஆட்டோ டியூப்பே சரியா வரும்னு ஒருத்தர் சொன்னாரு."

டியூப் போடுவது நல்ல யோசனை. ஆட்டோ டியூப் போடுவது தப்பான யோசனை. இரண்டிலும் 8 என்ற எண் வருவதால் வந்த குழப்பம் இது. ஆட்டோ டயர் 4.00-8, அதாவது நாலு அங்குல அகலம், 8 அங்குல ரிம். உங்கள் பின் டயர் 18×8.50-8: உயரம் 18 அங்குலம், அகலம் எட்டரை, ரிம் 8. ரிம் பொருந்தும், அகலம் பாதிகூட இல்லை. டியூப் பலூன் மாதிரி இழுபட்டு மெலிந்து, முதல் முள்ளுக்கே கிழியும்.

டயரில் உள்ள முழு எண்ணையும் சொல்லிக் கேளுங்கள். ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக் கடைகளில் முதலில் விசாரிக்கலாம், இல்லையென்றால் ஆன்லைனில் வரவழைக்கலாம். நேர் வால்வா, வளைந்த வால்வா என்பதையும் பாருங்கள், சின்ன ரிம்மில் நேர் வால்வு இடிக்கும். போடுவதற்கு முன் மேலே சொன்ன துணித் தடவலைச் செய்யுங்கள். உள்ளே விட்ட முள் புது டியூப்பையும் குத்தும். ரிம் துருவையும் சுரண்டுங்கள். டியூப்பில் பவுடர் பூசி, கொஞ்சம் காற்று வைத்து உருண்டையாக்கி நுழைத்தால் மடியாது.

"மினி டிராக்டர்ல அடிக்கடி டியூப் போகுது தம்பி. எப்பவும் வால்வு அடியிலயேதான் கிழியுது."

அப்படியென்றால் டியூப்பின் தரம் காரணமல்ல ஐயா. காற்றுக் குறைந்த டயரோடு உழும்போது ரிம் முன்னே சுற்றும், டயர் பின்தங்கும். டயரோடு ஒட்டிய டியூப்பும் பின்தங்கும். வால்வு மட்டும் ரிம் ஓட்டையில் மாட்டிக்கொண்டு இழுபட்டுக் கிழியும். டயரிலும் ரிம்மிலும் சேர்ந்தாற்போல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு அரை நாள் உழுதுவிட்டு வந்து பாருங்கள். கோடு இரண்டாகப் பிரிந்திருந்தால் நான் சொன்னதுதான். கையேட்டு அளவுக்குக் காற்று வைத்து, ரிம் ஓரத்துத் துருவைச் சுத்தம் செய்தால் நிற்கும்.

மாட்டும்போது டயர் ஓரத்தில் உள்ள அம்புக்குறியையும் பாருங்கள், அது முன்னோக்கிச் சுற்றும் திசை. தலைகீழாக மாட்டினால் சேற்றில் பிடிக்காது.

"பின் டயர்ல தண்ணி ஏத்தியிருக்கு. காத்து எப்படிப் பார்க்கிறது?"

வால்வு உச்சிக்கு வரும்படி வண்டியை நகர்த்தி நிறுத்துங்கள். எடைக்காக ஏற்றும் தண்ணீர் வழக்கமாக முக்கால் பங்குதான், காற்று மேலே நிற்கும். வால்வு கீழே இருந்தால் மீட்டருக்குள் தண்ணீர் பாயும். டியூப் இல்லாத டயரில் உப்பான போர் தண்ணீரை ஏற்றாதீர்கள், ரிம்மை உள்ளிருந்தே தின்றுவிடும்.

"மே மாசம் நல்லா இருந்துச்சு, மார்கழி காலையில பார்த்தா இறங்கியிருக்கு. குளிருக்கு ஓட்டை விழுமா?"

ஓட்டை விழாது, காற்று சுருங்கும். மே மாதத்து 40 டிகிரியில் 10 பி.எஸ்.ஐ. வைத்தால், மார்கழி விடியலின் 22 டிகிரியில் மீட்டர் எட்டரையைத் தான் காட்டும். கசிவே இல்லாமல் ஒன்றரை போயிற்று. மீட்டரில் தெரியாத வளிமண்டல அழுத்தமும், ஏறக்குறைய 14.7 பி.எஸ்.ஐ., சேர்ந்து சுருங்குவதால்தான் இவ்வளவு குறைகிறது. எப்போதும் காலையில், வண்டி எடுக்கும் முன் அளந்து பாருங்கள். அப்போதுதான் ஒப்பிட முடியும்.

"நைட்ரஜன் அடிச்சா இறங்காதாமே?"

நாம் அடிக்கும் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன்தான். ரிம் ஓரத்தில் வழி இருந்தால் அதுவும் போகும்.

"ஒரு பக்கம் புல்லை மொட்டையடிச்ச மாதிரி வெட்டுது சார். பிளேடு தப்பா?"

பிளேடைத் தொடும் முன் நாலு டயரையும் அளந்துவிடுங்கள். ஒரு பக்க டயரில் இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. குறைந்தாலே வண்டி சாயும், வெட்டும் தட்டும் (டெக்) சாயும், அந்தப் பக்கம் புல் கட்டையாகும். டெக்கை ஏற்றி இறக்கிச் சரிசெய்து, மறுநாள் காற்று வைத்ததும் எதிர்ப்பக்கம் மொட்டையாகி, மறுபடி என்னைக் கூப்பிட்டவர்கள் உண்டு.

"பக்கச் சுவர்ல வெடிப்பு வெடிப்பா இருக்கு. இன்னும் எவ்வளவு நாள் ஓடும்?"

மேலோட்டமான ரேகைகள் என்றால் ஓடும். உள்ளே நூல் தெரிந்தாலோ, சோப்புத் தண்ணீருக்கு அங்கே நுரை வந்தாலோ மாற்றுங்கள், பக்கச் சுவரில் பேட்ச் நிற்காது. டயரின் வயதைப் பார்க்க நாலு இலக்க எண் ஒன்று அச்சிட்டிருப்பார்கள். 2319 என்றால் 2019-ஆம் வருடத்தின் 23-வது வாரம். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தும் வண்டியைக் கட்டை மேல் தூக்கி, நிழலில் வையுங்கள்.

"நிறுத்தி வெச்சா ஒரு வாரம் நிக்குது. ஓட்டினா மட்டும் இறங்குது. எல்லா சோதனையும் பண்ணியாச்சு."

இருப்பதிலேயே வம்பு பிடித்த கேஸ் இது. கழற்றிய வீலைத் தண்ணீரில் முக்கினாலும் குமிழி வராது, ஏனென்றால் பாரம் ஏறினால்தான் வழி திறக்கிறது. வீலை மாட்டிய நிலையிலேயே, ஒருவரை எஞ்சின் போடாமல் சீட்டில் உட்காரவைத்து, வண்டியைத் தள்ளி ஒவ்வொரு சாணாக உருட்டிச் சோப்புத் தண்ணீர் அடியுங்கள். பக்கச் சுவரின் அடி மடிப்பையும், ரிம்மின் இரண்டு பாதிகள் சேரும் வெல்டிங் கோட்டையும் விடாமல் பாருங்கள். வெல்டிங்கில் மயிரிழை விரிசல் இருந்தால் ஓட்டும்போது விரியும், நின்றால் மூடும். அதை டயரைக் கழற்றிவிட்டுத்தான் வெல்டிங் வைக்க வேண்டும்.

எங்கேயும் நுரை வரவில்லையென்றால் வீலைச் சுற்றவிட்டு வால்வைக் கவனியுங்கள். நாவலூரில் ஒரு வண்டியில் இரண்டு நாள் மண்டையை உடைத்துக்கொண்டேன். கடைசியில், டெக்கைத் தாங்கும் பட்டை எதிலோ இடித்து வளைந்திருந்தது, வால்வுத் தண்டு ஒவ்வொரு சுற்றிலும் அதில் உரசிச் சாய்ந்துகொண்டிருந்தது. பட்டையைச் சுத்தியலால் நிமிர்த்த ஒரு நிமிடம் ஆனது.